ஒரு மெய்யெழுத்து கூடுதலாக

டாஸ்கோவில் டாக்சி என்றால் வெள்ளை வோச்சோ,
முதுகு வளைந்த பழைய போக்ஸ்வாகன்.
முன்பக்கத்து இருக்கையைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள்
ஆள் ஏறி இறங்க.
ஃபிடென்சியோ தன் இடத்திலிருந்தே
கயிற்றைச் சுண்டிக் கதவைச் சாத்தினார்.
செங்குத்துச் சந்தில் ஏறும்போது
கண்ணாடியில் வானம் மட்டும்,
பிறகு ஒரு பால்கனி, ஒரு நாய்,
பிறகு சட்டென்று மொத்த ஊரும்:
மலையிலிருந்து கொட்டிவிடாமல்
ஒன்றையொன்று பிடித்து நிற்கும் ஓட்டுக் கூரைகள்.

இறங்கி நடந்ததுதான் தப்பு.
கருங்கல் பாவிய தெரு. நடுநடுவே
வெள்ளைக் கற்களில் கோடு, நட்சத்திரம், ஒரு மீன்.
மீனை மிதிக்காமல் தாண்டினேன்.
இளஞ்சிவப்புத் தேவாலயத்தை அண்ணாந்தேன்.
இன்னும் மேலே போ என்று யாரோ சொல்ல
காட்சிமுனைக்கும் போனேன்.
மூன்று மடிப்பு மலை,
அதற்கப்பால் நீலமாய், மலையா மேகமா தெரியாத ஒன்று.
எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிப்
படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.
நானும்.

திரும்புகையில் கால்விரல் வீங்கிவிட்டது.
இருபத்திரண்டு வருஷத்து மெட்டி
சதைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.
சோப்பு, எண்ணெய்,
பழரசக்காரி தந்த ஐஸ்கட்டி,
எதற்கும் மசியவில்லை.
சனிக்கிழமைச் சந்தை வேறு.
வெள்ளிச் சங்கிலிகளைக் கிலோக் கணக்கில்
தராசில் வாரிப் போடுகிறார்கள்.
அதனூடே நொண்டிப் போகிறேன்,
வெள்ளியைக் கழற்ற ஆள் தேடி.

ஒதிலியாவின் பட்டறையில் ரேடியோ அலறியது.
பளபளப்பாக்கும் சக்கரத்தருகே ஒரு பையன்,
கையில் நிலாத் துண்டு, முகமெல்லாம் கரி.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.
எனக்குக் கூசிற்று.
தலைமுடி போன்ற ரம்பம்;
விரலுக்கும் வெள்ளிக்கும் நடுவே தோல் துண்டு;
மூச்சை அடக்கினேன், அவள் அடக்கவில்லை.
டிக்.

மோதிரம் ஏன் காலில் என்றாள்.
விமானத்தில் மனப்பாடம் செய்த ஸ்பானிஷில்
கம்பீரமாகச் சொன்னேன்.
பட்டறை ஒரு கணம் நின்றது, பிறகு வெடித்தது.
பையன் சக்கரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.
காசாதா என்றால் மணமானவள்.
நான் கான்சாதா என்றிருக்கிறேன்.
ஒரு ன் கூடிப்போயிற்று.
களைத்துப் போனவள்.

ஒதிலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு
தன் கட்டைவிரலால் தன்னைக் காட்டினாள்:
"இரண்டுமே."

கல்லில் உரசி ஒரு சொட்டு அமிலம் விட்டாள்.
நிறம் மாறியதும் உதட்டைப் பிதுக்கினாள்.
நூற்றுக்கு எழுபத்தைந்து இருக்கலாம், மிச்சம் செம்பு;
இந்த ஊர் முத்திரை இதற்கு விழாது.
கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை.
எங்கள் பஜாரில் அன்றைக்குக் கூட்டம்,
மாமியார் அவசரப்படுத்தினார்,
அவ்வளவுதான் ஞாபகம்.

வீட்டுக்குத் தட்டினேன்: மெட்டியை அறுத்தாயிற்று.
அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.
உடனே இரண்டு நீலக் கோடு.
"விரலுக்கு ஒண்ணும் ஆகலியே?"

அறுத்த வாயில் தன் வெள்ளியைக் கொஞ்சம் இட்டு
ஒரு சுற்றுப் பெரிதாக்கி ஒட்டித் தந்தாள்.
கூலியைக் கறாராகக் கேட்டாள்.
பேரம் பேசப் போய், வேண்டாம், இந்த மொழியில்
இன்னும் எதையாவது சொல்லித் தொலைப்பேன் என்று
கொடுத்துவிட்டேன்.

ஃபிடென்சியோவின் வண்டியே கீழே இறங்க வாய்த்தது.
மெட்டி இன்னும் கதகதப்பாய் உள்ளங்கையில்.
மற்ற காலில் அதன் ஜோடி, சோதிக்கப்படாமல்.
வளைவில் கதவு திறந்துகொள்ளப் பார்க்க
அவர் கயிற்றை இழுத்துக்கொண்டே கேட்டார்:
வெள்ளி வாங்கினீர்களா, செஞ்ஞோரா?

ஒரு கடுகளவு, என்றேன்.